வாலு கேட்கச் சொன்னாள்

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி மட்டும் போவேனா என்கிறது. உன் இருமல் நின்றதா? டீச்சராகிவிட்டாய், இனி தொண்டைதான் மூலதனம். வெந்நீர் குடி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்லும் கணக்கு காதோடு நின்றுவிடும், கைக்கு இறங்காது. விஷயம் இதுதான். உன் மருமகள் வாலுவுக்கு ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் ஆரம்பித்துவிட்டார்கள். எழுத்தையும் எண்ணையும் கலந்து அடிக்கிறார்கள், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் கேட்டு என்ன பயன்? அந்தப் பாடம் வந்த வருஷம்தானே நான் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன். நீ அப்போது சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். இப்போது நீ அதே பாடத்தை நாற்பது பிள்ளைகளுக்கு நடத்துகிறாய். முதலிலிருந்து, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதி அனுப்பு.

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை எப்போதும் போலத்தான். புதிதாக வந்த அதிகாரி ஒரு உத்தரவு போட்டிருக்கிறார். பாய்லர் ஓட்டுகிறவர்கள் டிசம்பரில் எழுத்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். வாங்காதவர்கள் பாய்லர் அறையை விட்டுவிட்டு அழுக்குத் துணி பிரிக்கும் கூடத்துக்குப் போக வேண்டுமாம். பதினான்கு வருஷமாக ஓட்டுகிறேன், அதன் இருமல் தும்மல் எல்லாம் எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, குரலும் கூடவே போய்விட்டது. அண்ணி மாடிப்படி ஏறுவதைக் குறைக்கட்டும்.

நீ கடிதம் எழுதியதே எனக்குப் பெரிய ஆச்சரியம். மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாலுவிடம் இப்படிச் சொல். எக்ஸ் என்பது பயப்பட வேண்டிய ஆள் இல்லை. நமக்கு இன்னும் தெரியாத ஓர் எண், அவ்வளவுதான். 3x + 7 = 25 என்றால், ஏதோ ஓர் எண்ணை மூன்று மடங்காக்கி ஏழைக் கூட்டியிருக்கிறார்கள், இருபத்தைந்து வந்திருக்கிறது. அந்த எண்ணைக் கண்டுபிடி என்கிறார்கள். கதையின் முடிவு கையில் இருக்கிறது, தொடக்கத்தைத் தேடுகிறோம்.

இதை வகுப்பில் சொன்னபோது முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், எக்ஸ் நேத்து ஆறுன்னீங்க. இன்னைக்கு ஒன்பதுங்கிறீங்க. ஒரு நிலையில நிக்கவே நிக்காதா?"

"ஒவ்வொரு கணக்குலயும் வேற வேறயா இருக்கும்மா."

"எங்க மாமா மாதிரி. மாசத்துக்கு ஒரு வேலை."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை கதவருகே நின்றுகொண்டிருந்தார். முதல் வருஷம் என்பதால் என்னை அடிக்கடி வந்து பார்க்கிறார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். நல்லதா கெட்டதா என்று சொல்லியிருந்தாலாவது தெரிந்திருக்கும்.

பத்துக் கணக்கு வைத்திருக்கிறேன். வாலு போட்டு அனுப்பட்டும். அவளுக்கு என் முத்தம்.

தங்கை


ஜூலை 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். குரல் திரும்பியதா? கத்தி நடத்தாதே. மெதுவாகப் பேசு, அவர்கள் தானாகக் காது கொடுப்பார்கள். நான் பாய்லரை அப்படித்தான் கேட்கிறேன்.

வாலு பத்தையும் போட்டுவிட்டாள். விடைகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், அதனால் நானே படி எடுத்தேன். ஐந்தாவது கணக்கில் மட்டும் அச்சுப்பிழை. 5x + 12 = 2 என்று இருக்கிறது. பன்னிரண்டோடு எதைக் கூட்டினாலும் பன்னிரண்டுக்கு மேலேதானே போகும், இரண்டாக எப்படிக் குறையும்? நீ அவசரத்தில் மாற்றி எழுதியிருப்பாய் என்று அவள் சொல்கிறாள்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று ஒரு சூத்திரம் இருக்கிறதாம். அழுத்தமும் பரப்பும் கொடுத்தால் விசையை எப்படித் தனியாகப் பிரித்து எடுப்பது? அதையே திருப்பிப் போட்டுப் பரப்பைக் கேட்டால்?

அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணிக்குத் தைலம் ஒன்று பார்சலில் வருகிறது.

ஒன்பது சரி! வாலுவிடம் என் கைதட்டலைச் சொல். ஐந்தாவது அச்சுப்பிழை அல்ல. விடை −2. பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு. குளிர் ஊர்களில் வெப்பமானி காட்டுகிறதே, அதுபோல. தெரியாத எண் எப்போதும் நமக்குப் பழக்கமான பக்கத்திலேயே ஒளிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

அந்தச் சூத்திரத்தைத் தனித்தாளில் விளக்கியிருக்கிறேன். இருபுறத்தையும் பரப்பால் பெருக்கினால் விசை தனியே வந்துவிடும். ஆனால் ஏழாம் வகுப்பில் இது எங்கிருந்து வந்தது? உங்கள் ஊர்ப் பள்ளி அதற்குள் இவ்வளவு தூரம் ஓடுகிறதா?

ஒரே ஒரு குறை. படிகள் எங்கே? 3x + 7 = 25, அடுத்த வரியில் 3x = 18, அதற்கடுத்த வரியில் x = 6. இப்படி ஒன்றின்கீழ் ஒன்றாக, சமக்குறிகள் நேராக நிற்க வேண்டும். தேர்வில் விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால் படிகளுக்கு நான்கு. இன்னும் பத்துக் கணக்கு அனுப்புகிறேன். இந்த முறை படிகளோடு.

தங்கை


ஆகஸ்ட் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். தைலம் வந்தது. அண்ணி அதை வாசத்துக்காகவே தேய்க்கிறாள்.

பத்துக்கும் விடை இதோ. மைனஸ் வருகிறதையும் விடவில்லை, சரிபார். படி எழுதுவதுதான் வாலுவுக்கு வரமாட்டேன் என்கிறது. தாளை எடுத்துவைத்துப் பார்க்கிறாள், விடை முதலில் வந்து நின்றுவிடுகிறது. வந்த பிறகு எப்படி வந்தது என்று எழுதச் சொன்னால் கை ஓடவில்லை. விடை சரியாக இருந்தால் போதாதா? வீட்டுக்கு வந்து சேர்ந்தவனை எந்தத் தெரு வழியாக வந்தாய் என்று யாராவது கேட்கிறார்களா?

அண்ணன்


ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபது கணக்கில் பத்தொன்பது சரி, ஒன்றில்கூடப் படி இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படிப் போடமாட்டாள். பிள்ளைகள் படிகளைச் சரியாக எழுதிக் கூட்டலில் கோட்டை விடுவார்கள். இது நேர்மாறாக இருக்கிறது. இதில் யார் கை இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நீ மனக்கணக்கில் புலி. சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று விடையைச் சொல்லிவிடுகிறாய்.

என் வகுப்பில் இப்படி வெறும் விடையோடு வரும் தாளுக்குப் பூஜ்யம்தான் போடுகிறேன். குருட்டாம்போக்கில் வந்த விடைக்கும் காப்பியடித்த விடைக்கும் என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. நீ பாதியில் விட்டுவிட்டு வந்தாய், அது உன்னோடு போகட்டும். அவளுக்கும் அந்த வழியைக் காட்டாதே.

கோபத்தில் எழுதவில்லை. அவள்மேல் உள்ள அக்கறையில் எழுதுகிறேன்.

தங்கை


அக்டோபர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை நீ குளித்துக்கொண்டிருந்தாய், இரண்டாம் முறை தூங்கிக்கொண்டிருந்தாய், மூன்றாம் முறையும் குளித்துக்கொண்டிருந்தாய். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. எல்லோரும் சுகந்தானே?

இங்கே ஒன்று நடந்தது. ஆசிரியர் அறையில் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பெண், கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டாள். மற்றவர்கள் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுகிறார்கள். மாதத் தேர்வில் எல்லா விடையும் சரி, படி ஒன்றுகூட இல்லை. பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டேனா, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாயா என்று வகுப்புக்கு முன்னால் கேட்டுவிட்டேன். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு வரவில்லை.

வந்த அன்று அவளைத் தனியாக உட்கார வைத்து, 4x − 9 = 31 என்று எழுதிக் காட்டினேன்.

"பத்து மிஸ்." நான் பேனாவைக்கூட மூடவில்லை.

"எப்படி?"

"ஒன்பதைப் புடுங்கிட்டாங்க இல்ல, அதை முதல்ல திருப்பிக் குடுத்துடுவேன். நாப்பது. அப்புறம் நாலு பேருக்குப் பிரிச்சுடுவேன்."

"இதை ஏன் எழுதல?"

"இதையெல்லாம் எழுதணுமா மிஸ்? இதுதான் எல்லாருக்கும் தெரியுமே."

அவள் சொன்னது இரண்டும் படிகள்தான் அண்ணா. நான் கேட்ட வடிவில், நான் கேட்ட சொற்களில் இல்லை, அவ்வளவுதான். கேட்காமலேயே குற்றவாளி ஆக்கிவிட்டேன். மறுநாள் வகுப்புக்கு முன்னாலேயே தவறு என்னுடையது என்று சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தினேன். தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியர் அப்படி இறங்கிப் போகக் கூடாதாம்.

உனக்கு எழுதிய கடிதத்தையும் நினைத்துப் பார்த்தேன். வாலுவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருக்கிறேன். இரண்டு வரியாவது எழுது.

தங்கை


அக்டோபர் 10

அத்தை,

நான் வாலு. உண்மையான வாலு. நான் நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா? இந்தக் கடிதம் நான் போட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, சத்தியம்.

டிராயிங் தாள் தேடி அலமாரி மேல கை விட்டப்ப உங்க கடிதமெல்லாம் கெடச்சுது. எல்லாத்துலயும் என் பேரு! எனக்கே தெரியாம நான் இருபது கணக்கு போட்டிருக்கேன். அத்தை, எனக்கு இயற்கணிதம் நல்லாவே வரும். போன பரீட்சையில அம்பதுக்கு நாப்பத்தெட்டு. அச்சுப்பிழைன்னு சொன்னது சத்தியமா நான் இல்லை, எனக்கு மைனஸ் தெரியும்.

அப்பாதான் போட்டாரு. பாய்லர் பரீட்சைக்குப் பேர் குடுத்திருக்காரு. அதுல சூத்திரமெல்லாம் வருதாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பாய்லர் அறையில உக்காந்து போடுவாராம், அம்மா சொன்னாங்க. ஆகஸ்ட்ல உங்க கடிதம் வந்த அன்னைக்கு எல்லாத்தையும் தூக்கி அலமாரி மேல வெச்சுட்டாரு. "துணி பிரிக்கிறதும் வேலைதான், நான் எழுதப் போகல"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. ஏன்னு அம்மா கேட்டாங்க. அதுக்கு அப்பா, "முழங்காலுக்குத் தைலம் தேச்சியா?"ன்னாரு.

நான் சொல்லித்தரேன்னு சொல்லலாமான்னு இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா முகம் எப்படிப் போகும்னு நினைச்சா பயமா இருக்கு. நீங்க ஏதாவது பண்ணுங்க. பேர் வாபஸ் வாங்க இன்னும் மூணு வாரம் இருக்கு.

இப்படிக்கு
வாலு (நாப்பத்தெட்டு)


அக்டோபர் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலத்தை நீ எழுதும்போது தெரிந்துகொள்கிறேன், அவசரமில்லை.

இந்தக் கடிதம் வாலுவுக்கு. நீ படித்துக் காட்டு.

வாலு, அத்தை உன்னிடம் தவறாகப் பேசிவிட்டேன். நீ போட்ட இருபது கணக்கையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுகூடக் குருட்டாம்போக்கு இல்லை. விடை முதலில் வந்து நிற்கிறது என்றால், உன் மனம் எல்லாப் படிகளையும் ஏறி முடித்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் பேப்பரில் பத்து நிமிஷம் ஏறுவதை நீ ஒரு மூச்சில் ஏறுகிறாய். அதைக் குறை என்று சொன்ன வாய் என்னுடையது. மன்னித்துவிடு. விட்டுவிட்டுப் போனவர்களின் வழி என்று ஒன்றைச் சொன்னேன். யார் எதற்காக விட்டார்கள் என்று நான் யாரையும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதவளுக்கு அதைப் பேச உரிமை கிடையாது.

படி எழுதுவது உன்னை நம்பாததால் அல்ல. தேர்வுத்தாள் திருத்துகிறவருக்கு உன் மனம் தெரியாது, பாவம், அவருக்காக எழுதுகிறோம். ஒரு யோசனை சொல்கிறேன். அப்பாவிடம் கேள், பாய்லரைத் தொடங்கும்போது எந்த வரிசையில் தொடங்குவார், நிறுத்தும்போது எந்த வரிசையில் நிறுத்துவார் என்று. தொடங்கியதற்கு நேர் எதிர் வரிசையில் நிறுத்துவார் இல்லையா? சமன்பாட்டையும் அப்படித்தான் அவிழ்க்க வேண்டும். ஒவ்வொன்றை அவிழ்த்ததும் ஒரு வரி. அவ்வளவுதான் படி.

ஐந்து கணக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பிடித்தால் போடு.

அத்தை


அக்டோபர் 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

உன் கடிதத்தை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன். மன்னிப்பு என்பதெல்லாம் பெரிய வார்த்தை, அத்தை இனிமேல் அதைச் சொல்லக் கூடாது என்றாள். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள்.

பாய்லர் பற்றி நீ எழுதியது தப்பு என்றும் சொன்னாள். தொடங்கும்போது முதலில் தண்ணீர் மட்டம் பார்ப்போம், பிறகுதான் நெருப்பு. நிறுத்தும்போது நெருப்பை அணைத்துவிட்டு, சூடு தணியும்வரை தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நேர் எதிராகச் செய்கிறேன் என்று யாராவது நெருப்போடு தண்ணீரையும் உடனே மூடிவிட்டால் கூடம் கூரையோடு போகும். அவிழ்ப்பதற்கு நல்ல உதாரணம் பம்பு. பம்பைப் பிரிக்கும்போது கடைசியாகப் போட்ட போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கழற்றியதை வரிசையாகத் தரையில் துணி விரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் பூட்ட வராது. அந்தத் துணியில் வைப்பதுதான் நீ சொல்லும் படி என்று வாலுவுக்கு இப்போது விளங்கிவிட்டது.

ஐந்து கணக்கும் படிகளோடு இருக்கிறது. சமக்குறி கொஞ்சம் கோணல். இன்னும் இருபது அனுப்பச் சொன்னாள். சூத்திரக் கணக்காக இருந்தால் நல்லதாம்.

அண்ணன்


நவம்பர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ஐந்தும் சரி. பம்பு உதாரணத்தை நேற்று வகுப்பில் சொன்னேன். பாய்லரைச் சொல்லியிருந்தால் நாற்பது பிள்ளைகளைக் கூரையோடு அனுப்பியிருப்பேன், வாலுவுக்கு நன்றி.

முப்பது கணக்கு வைத்திருக்கிறேன், எல்லாம் சூத்திரம். அவள் தினமும் மத்தியானம் இரண்டு போட்டால் போதும். இனிப் படிகளைப் பற்றிப் பேசமாட்டேன்.

டிசம்பரில் என் நினைப்பு முழுக்க அங்கேதான் இருக்கும்.

தங்கை


ஜனவரி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீ சுகமா? அண்ணியின் முழங்கால் இப்போது எவ்வளவோ தேவலை. போனில் சொல்லியிருக்கலாம். உன் குரல் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எழுதுகிறேன்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி தேர்வு எழுதினேன். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து. எட்டு எழுதினேன், எட்டும் சரி, எல்லாப் படியோடும். ஒன்பதாவதை எடுக்கும்போது தாளை வாங்கிவிட்டார்கள். ஒன்பது எழுதியிருந்தால் தேறியிருப்பேன். நேரம் போதவில்லை. சமக்குறியை நேராக நிறுத்திக்கொண்டிருந்தேன். இதற்கு நீ உன்னை நொந்துகொள்ளக் கூடாது, இது அண்ணன் உத்தரவு. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கணக்குத்தாளை வெட்கப்படாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்கமாட்டேன். வாலு மட்டும், "நான் யாருக்கும் கடிதமெல்லாம் போடலப்பா" என்று நான் கேட்காமலேயே சொன்னாள்.

அன்று நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நீ கேட்காததைப் பற்றி எழுதியிருந்தாய். பெரிய கதை ஒன்றும் இல்லை. வாத்தியார் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கும் முன்னே விடையைச் சொன்னேன். யாரைப் பார்த்துச் சொல்கிறாய் என்றார். பலகையில் இருக்கிற கணக்குக்கு யாரைப் பார்ப்பது? மறுநாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. வீட்டில் படிப்பு ஏறவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. உன் ஊமைக்கோட்டான் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டாள், கெட்டிக்காரி.

ஒன்றாம் தேதி முதல் துணி பிரிக்கும் கூடத்தில் இருக்கிறேன். விரிப்பு ஒரு பக்கம், நோயாளி அங்கி ஒரு பக்கம், கறை படிந்தது தனி. நேற்று ஒரு அங்கியின் பையில் மூக்குக் கண்ணாடி இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். வேலை கஷ்டமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் பாய்லரின் பர்னர் தீப்பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. புதுப் பையன் அரை நிமிஷம் தாமதமாகப் பற்றவைக்கிறான். போய்ச் சொல்லலாம் என்று எழுந்து, அது இப்போது என் அறை இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தேர்வு ஜூனில். நேற்றே பேர் கொடுத்துவிட்டேன்.

விட்டுப்போன நான்கு கேள்விகளையும் ஞாபகத்திலிருந்து எழுதி வீட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்று வந்துவிட்டது. பதினோராவது இது: ஒரு பம்பு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று நான்கு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எவ்வளவு நேரம்? வாலுவிடம் கேட்டேன். ஐந்து என்றாள். "ரெண்டு பம்பு ஓடினா ஒண்ணைவிட மெதுவாவா நிரம்பும்?" என்றேன். நாற்பத்தெட்டு வாங்கியவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டரை மணிக்குக் கொஞ்சம் கீழே வரும், அது எனக்குத் தெரிகிறது. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. எனக்குச் சொல்லிக்கொடு.

அண்ணன்